குமிழில் உள்ள 4 எத்தனை பாகை?

கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில், திருக்கடலூரிலோ கிண்ணியாவிலோ மீன் நிறைய ஏறுகிற காலையில், திருகோணமலையில் வீட்டுக்கு வீடு நடப்பது ஒன்றுதான். ஐந்து கிலோ சூரை மலிவாக வந்துவிடும். வெட்டி, கழுவி, ஷொப்பிங் பையில் போட்டு முடிச்சிட்டு, ஃபிரீசருக்குள் அடுக்கி, குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி மூடிவிடுவோம். மூன்று கிழமை கழித்து எடுத்தால் பைக்குள் சிவப்புத் தண்ணீர் நிற்கும். துண்டு பஞ்சு போல இருக்கும். கறியில் காறிப்போன எண்ணெய் மணம் அடிக்கும். பழி மீன்காரர் தலையில் விழும். பெரும்பாலும் அவர் தந்தது நல்ல மீன்தான். ஃபிரீசரால் செய்ய முடியாத வேலையை நாம் அதனிடம் கொடுத்ததால் வந்த கேடு இது.

வீட்டு ஃபிரீசர், குளிர்ந்ததைக் குளிராகவே காக்கிற பெட்டி. சூடானதை உறைய வைக்கிற பலம் அதற்குக் குறைவு. மீன் ஏற்றுமதி செய்கிற இடங்களில் மைனஸ் 30 பாகைக்கும் கீழான காற்றைப் பெரிய விசிறிகளால் அடித்துச் சில மணித்தியாலத்தில் உறைய வைக்கிறார்கள். நம் குசினியில் இருப்பது ஒரு சிறிய கொம்பிரசர். அதற்கேற்ற வேலையைத்தான் அது செய்யும்.

வேண்டிய குளிர் மைனஸ் 18 பாகை செல்சியஸ். கிருமிகள் பெருகுவது மைனஸ் 10, மைனஸ் 12 அளவிலேயே நின்றுவிடும். அவை சாவதில்லை, உறங்கிக் கிடக்கும். அப்படியென்றால் இன்னும் கீழே ஏன் போக வேண்டும்? மீனின் கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்து காறுவதும், தசையில் உள்ள நொதியங்கள் வேலை செய்வதும் மைனஸ் 10 இல் நிற்பதில்லை, மெதுவாகத்தான் ஆகின்றன. மைனஸ் 18 இல் அந்த வேகம் மாதக்கணக்கில் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மைனஸ் 25 வரை இறக்கினால் வீட்டுக்குக் கிடைக்கும் நன்மை சிறிது, கரண்ட் பில் பெரிது.

அதைவிட முக்கியம், அந்தக் குளிர் ஆடாமல் நிற்பது. மைனஸ் 18 இலிருந்து மைனஸ் 10 க்கு ஏறி மறுபடி இறங்குகிற ஒவ்வொரு முறையும், தசைக்குள் இருக்கிற சிறு பனிப் பளிங்குகள் கரைந்து பெரியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். பெரிதானவை நாரைக் கிழிக்கும். பைக்குள் நிற்கிற சிவப்புத் தண்ணீர் அந்தக் கிழிசல் வழியாக வடிந்ததுதான். அதோடு ருசியும் போய்விடுகிறது.

இனிக் குமிழ். 1 முதல் 5 வரையோ 7 வரையோ எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கும் பாகைக்கும் நேரான தொடர்பு கிடையாது. எண் கூடினால் குளிர் கூடும், அதற்குமேல் அது எதுவும் சொல்வதில்லை. மார்கழி மழையில் 3 இல் மைனஸ் 19 காட்டுகிற அதே பெட்டி, ஆடி மாதக் கச்சான் காற்றில் 3 இல் மைனஸ் 13 இல் நிற்கலாம். இரண்டு கதவு ஃபிரிஜ்களில் பலவற்றில் உணரி கீழ் அறையில்தான் இருக்கிறது. அப்போது குமிழ் ஆளுவது கீழ் அறையை, மேலே இருக்கிற ஃபிரீசர் அதன் போக்கில் பின்னால் போகும். மேல் அறைக்குள் தனியாக இருக்கிற இன்னொரு குமிழ், கீழே போகிற குளிர்காற்றின் பங்கைத்தான் மாற்றுகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளினால் கீழே பால் திரிய வாய்ப்புண்டு.

மீன் போட்டதும் குமிழைக் கடைசிக்குத் திருப்புவதாலும் சாதாரண கொம்பிரசரில் பெரிய பலன் இல்லை. சூடான மீன் உள்ளே வந்தவுடன் அது எப்படியும் நிற்காமல் ஓடத் தொடங்கிவிடும். குமிழ் அதற்குக் கூடுதல் பலம் தராது, ‘எப்போது நிற்பது’ என்பதை மட்டுமே மாற்றும். இன்வேர்ட்டர் கொம்பிரசர் வேறு மாதிரி, அது வேகத்தைக் கூட்ட முடியும். ‘குயிக் ஃபிரீஸ்’ பொத்தான் இருந்தால் மீன் வருவதற்குச் சில மணித்தியாலம் முன்பே அழுத்திவிட வேண்டும், மீனைப் போட்ட பிறகு அல்ல.

ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீற்றர் உதவாது. மைனஸ் 30 வரை காட்டுகிற, சிவப்புத் திரவம் உள்ள ஃபிரீசர் தேர்மோமீற்றர் அல்லது வயரின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் ஒன்று போதும். முதலில் அது உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். ஒரு கோப்பையில் உடைத்த ஐஸ் நிறையப் போட்டு, ஐஸ் மூழ்காத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கிளறி, நுனியை நடுவில் மூன்று நிமிடம் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால், இனிமேல் வருகிற ஒவ்வொரு அளவிலும் 1.5 ஐக் கழித்துக்கொள்ளலாம்.

பிறகு ஏற்கெனவே கல்லாக உறைந்த இரண்டு பொதிகளுக்கு நடுவில், சுவரில் முட்டாமல் அதைச் செருகுங்கள். வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் எண் குதிக்கும், ஒன்றும் விளங்காது. இரவு மூடியதை விடிய முதல் தடவை திறக்கும்போது வாசியுங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு தரம் வாசியுங்கள். காலை மைனஸ் 19, பிற்பகல் மைனஸ் 17 என்றால் நல்ல பெட்டி. காலை மைனஸ் 18, பிற்பகல் மைனஸ் 12 என்றால் குமிழில் கை வைக்காதீர்கள். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது: அறையின் சூடு, கதவு ரப்பர், பின்னால் படிந்த தூசு. குமிழை மாற்றுவதென்றாலும் அரை எண், பிறகு 24 மணித்தியாலம் பொறுமை.

எவ்வளவு முயன்றாலும் மைனஸ் 18 தராத பெட்டிகளும் உண்டு. ஃபிரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நான்கு என்றால் மைனஸ் 18 தருவதோடு புதிதாகப் போடுவதை உறைய வைக்கவும் சோதிக்கப்பட்டது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிஜ்ஜுக்குள் இருக்கிற சின்னப் பெட்டி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம்தான். அதில் மீனைச் சில நாளுக்குமேல் வைப்பது வீண். இன்னொரு குறி பின்புறத்திலோ உள் சுவரிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும்: N என்றால் சுற்றுச்சூடு 32 பாகை வரை, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரை. கச்சான் வீசுகிற நாட்களில் சீற் போட்ட குசினி பிற்பகலில் எளிதாக 35 ஐத் தாண்டும். திருகோணமலையில் பாவித்த ஃபிரிஜ் வாங்குகிறவர்கள் நிறத்தையும் விலையையும் பார்க்குமுன் அந்த T ஐத் தேட வேண்டும்.

மீனுக்கு வருவோம். சந்தையிலிருந்து 28 பாகையில் வருகிற ஒரு கிலோ மீனை மைனஸ் 18 க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 390 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதில் 100 வரை, 28 இலிருந்து பூச்சியத்துக்கு வருவதற்கு மட்டும். 250 வரை, உள்ளே இருக்கிற தண்ணீர் பனியாக மாறுவதற்கு. மிச்சம், அங்கிருந்து கீழே இறங்குவதற்கு. முதல் 100 ஐ ஐஸ் எடுத்துவிடட்டும். கால்வாசிப் பாரம் அங்கேயே குறைந்துவிடும், கொம்பிரசருக்கும் கரண்டுக்கும் செலவில்லாமல்.

செய்முறை லேசானது. செவுளையும் குடலையும் எடுத்து, இரத்தம் போகக் கழுவி, முழு மீனாகவே வாளியில் போடுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ், அது அசையும் அளவுக்கு அரை லீற்றர் தண்ணீர். ஐஸை மேலே மட்டும் தூவினால் அடியில் கிடக்கிற மீன் சூடாகவே கிடக்கும். தண்ணீரோடு கலந்தால்தான் எல்லாப் பக்கமும் குளிர் தொடும். சூடை, கும்பளா போன்றவற்றுக்கு அரை மணித்தியாலம், பெரிய சூரைக்கு ஒன்றரை, இரண்டு. முள் அருகே குத்திப் பார்த்தால் 3 பாகைக்குள் இருக்க வேண்டும். வெட்டிய துண்டானால் பைக்குள் போட்டுத்தான் ஐஸில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ருசி தண்ணீரில் போய்விடும்.

ஒரு நாளில் எவ்வளவு போடலாம்? நான்கு நட்சத்திரப் பெட்டிக்குத் தர அளவு 100 லீற்றருக்கு 24 மணித்தியாலத்தில் 4.5 கிலோ. அது சோதனைக்கூடக் கணக்கு. நம் வெக்கையில் 3 கிலோ என்று எடுப்பதே புத்தி. இரண்டு கதவு ஃபிரிஜ்ஜின் மேல் அறை 60 லீற்றர் அளவில் இருந்தால், ஒரு நாளுக்கு இரண்டு கிலோவுக்குள். அப்படிப்பட்ட அறைக்குள் ஐந்து கிலோ சூரையை ஒரே தரமாகத் தள்ளினால் புதியது உறைய இரண்டு நாள் எடுக்கலாம், பழைய இறைச்சியும் சேர்ந்து இளகும். மீதி மூன்று கிலோவை ரிஜிஃபோம் பெட்டியில் ஐஸோடு வைத்து, உருகிய தண்ணீரை வடித்து, ஐஸைப் புதுப்பித்துக்கொண்டு, அடுத்தடுத்த நாள் போடுங்கள். 0 பாகை ஐஸில் ஒரு நாள் கிடக்கிற மீனுக்கு ஒன்றும் ஆகாது, அரை உறைச்சலில் ஒரு நாள் கிடக்கிற மீன்தான் கெடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் கிண்ணியா, மூதூர் வீடுகளில் குர்பான் இறைச்சி குவிகிற நாளுக்கும் இதே கணக்குத்தான். உடற்சூடு ஆறாத இறைச்சியைக் கட்டியாகப் பையில் திணித்தால் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். தட்டில் பரப்பிக் கீழ் அறையில் குளிர வைத்து, பிறகு பங்கு பங்காக மேலே ஏற்றுங்கள்.

பொதி தட்டையாக இருக்க வேண்டும். ஒரு நேரக் கறிக்கு வேண்டியது மட்டும், 2 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பு. தடிப்பு இரட்டித்தால் உறைகிற நேரம் இரட்டிப்பைவிடக் கூடும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றுங்கள். மெல்லிய ஷொப்பிங் பை காற்றையும் ஈரத்தையும் விடும், மீனின் ஓரம் வெள்ளையாகக் காய்வது அதனால்தான். பனி உருகாமலே நேராக ஆவியாகிப் போன இடம் அது. தடித்த பை அல்லது மூடி இறுகுகிற பெட்டி வேண்டும். புதிய பொதிகளை முதல் நாள் ஒன்றன்மேல் ஒன்றாகவோ பழையவற்றின் மேலோ வைக்காமல், குளிர்கிற சுவரை ஒட்டிப் பரப்புங்கள். விசிறி வைத்த ஃபிரிஜ் என்றால் காற்று வருகிற துவாரத்தை மறைக்காதீர்கள்.

கொஞ்சம் மினக்கெட முடிந்தவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு, நான் மனதாரச் சொல்கிறேன். துண்டு கல்லாக உறைந்த பின் வெளியே எடுத்து, ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று வினாடி தோய்த்து, உடனே திரும்ப வையுங்கள். மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்று மூடும். அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம். காற்று மீனைத் தொடுமுன் அந்தப் பனியைத் தாண்ட வேண்டும். அறுக்குளாவுக்கும் சூரைக்கும் இது செய்கிற நன்மை பெரிது. இப்படி வைத்தால் கொழுப்புள்ள சூரை, கும்பளா, சூடை இரண்டு மூன்று மாதம், விளை, கொடுவா ஆறு மாதம் வரை நல்லாக நிற்கும். சூரை சில கிழமையில் மண்ணிறமாவது கெட்டதற்கு அடையாளமல்ல. மைனஸ் 18 அந்தச் சிவப்பைக் காக்கப் போதாது, அவ்வளவே.

டச்சுக் குடாப் பக்கமும் உப்புவெளியிலும் வீட்டுக்குள் வருகிற காற்றில் உப்பு இருக்கிறது. பின்னால் கறுப்பு வலை போலக் குழாய் தெரிகிற ஃபிரிஜ்ஜில், உப்பும் தூசும் தாளித்த எண்ணெய்ப் புகையும் சேர்ந்து கம்பளி போலப் படியும். சூடு வெளியே போகாது, உள்ளே குளிர் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் தட்டி, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். இரும்புக் குழாயும் செப்புக் குழாயும் ஒட்டுகிற மூட்டில் பச்சையோ துருவோ தெரிந்தால், திருத்துகிறவரிடம் காட்ட வேண்டிய இடம் அதுதான், காஸ் கசிவு அங்கேதான் தொடங்கும். பெட்டி போல மேலே திறக்கிற டீப் ஃபிரீசரில் அந்தக் குழாய் பெரும்பாலும் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது. சுவர் சுடுவது அதனால்தான். அதைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், அழகுக்குத் துணி போர்த்துவதும் பெட்டியை மூச்சு முட்ட வைக்கும். எல்லாப் பக்கமும் 10 சென்ரிமீற்றர் விடுங்கள். தரை கழுவுகிற தண்ணீர் அடியைத் துருப்பிடிக்க வைக்காமல் ஒரு கட்டையில் ஏற்றிவிடுங்கள்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய்த் தாள் போதும். கதவில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஒட்டவில்லை. நான்கு பக்கமும், விசேஷமாகப் பிணைச்சல் பக்க மூலைகளிலும் பாருங்கள். முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் மடிப்புக்குள் இருக்கிற அழுக்கை எடுங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். தட்டையாகிப்போன இடத்தில் சுடுநீரில் பிழிந்த துணியை வைத்து இளக்கி, விரலால் இழுத்துவிட்டுக் கதவை மூடிவையுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே பனி படிகிற பெட்டியில் படலம் அரைச் சென்ரிமீற்றர் வந்ததும் உருக்கிவிட வேண்டும். பனி குளிரைக் கூட்டுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. குளிரை மறித்துப் போர்வை போல நிற்பதுதான் அது. பிளக்கைக் கழற்றி, உள்ளே சுடுநீர்ப் பாத்திரம் வைத்து, கதவைத் திறந்துவிடுங்கள். கத்தி, கரண்டி எதுவும் வேண்டாம். சுவரின் அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் காஸ் ஓடுகிறது, ஒரு குத்துப் போதும் பெட்டி போக. பனி படியாத வகை ஃபிரிஜ்ஜில் மேலே குளிரும் கீழே சூடும் என்றால், பின் தட்டியில் பனி மூடியிருக்கிறதா, விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பனியை உருக்குகிற ஹீற்றரோ அதன் உணரியோ பழுதாகியிருக்கும். கொம்பிரசர் நிற்காமல் ஓடியும் சுவரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்தால் காஸ் குறைவு. கசிவைத் தேடி அடைக்காமல் காஸ் மட்டும் அடிக்கச் சம்மதிக்காதீர்கள், சில மாதத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

வோல்ற்றேஜ் விழுகிற ஊர்களில் கொம்பிரசர் ‘ம்ம்’ என்று முனகி, ‘டிக்’ என்று விட்டு, சில நிமிடத்தில் மறுபடி முனகும். 230 இல் ஓட வேண்டியது 180 இல் கிளம்ப முடியாமல் திணறுகிற சத்தம் அது. தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் ஒன்றைப் பூட்டுங்கள். கரண்ட் வந்ததும் 3 முதல் 5 நிமிடம் கழித்துக் கொடுத்தால்தான் குழாய்க்குள் அழுத்தம் சமமாகி மோட்டார் லேசாகக் கிளம்பும்.

கரண்ட் போகிற நாள் எப்போதும் வரும். 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி நமக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம் கரையேறியது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. நிரம்பிய ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம், பாதி நிரம்பியது 24 மணித்தியாலம் என்பது பொதுக் கணக்கு. வெக்கை அறையில் அதைக் குறைத்துத்தான் நம்ப வேண்டும். வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வையுங்கள், பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விட்டு, ஏனென்றால் தண்ணீர் உறையும்போது 9 வீதம் வரை பருக்கும். சாதாரண ஐஸ் உருகுவது 0 இல், அந்நேரம் மீன் ஏற்கெனவே இளகத் தொடங்கியிருக்கும். அதனால் சில போத்தல்களில் 900 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து வையுங்கள். அது மைனஸ் 6 பாகைக்கும் கீழேயே உருகத் தொடங்கி, உருகுகிற நேரமெல்லாம் சுற்றியுள்ளதை அந்தக் குளிரில் பிடித்துவைக்கும்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்ததா என்று அறிய, ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. நடுவிலோ அடியிலோ உறைந்து கிடந்தால், உள்ளே எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

அப்போது என்ன செய்வது? பொதியை அமர்த்தினால் உள்ளே பனி நறுநறுக்கிறது அல்லது தேர்மோமீற்றர் 4 பாகைக்குள் காட்டுகிறது என்றால் சமைக்கலாம், மறுபடி உறையவும் வைக்கலாம், பதம் மட்டும் குறையும். அதற்குமேல் ஏறி இரண்டு மணித்தியாலம் கடந்ததும், எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாததும் குப்பைக்கு. சூரை, கும்பளா, சூடை மூன்றிலும் இதில் இரக்கமே வேண்டாம். இவற்றின் தசையில் இருக்கிற ஒரு அமினோ அமிலத்தை, சூட்டில் பெருகுகிற கிருமிகள் ஹிஸ்டமின் ஆக்கிவிடும். முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்து, நெஞ்சு படபடக்கிற நோவு அதனால் வருகிறது. மணத்தில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் திரும்ப உறைய வைத்தாலும் அது அழியாது. நாணயம் கீழே போன பெட்டியில் இருந்த சூரையை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எறிந்த பிறகு உள்ளே சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஈரம் எடுத்து, வெறும் தண்ணீர்ப் போத்தல்களோடு மூடிவிடுங்கள். போத்தல்கள் கல்லாகி, அவற்றுக்கு நடுவில் செருகிய தேர்மோமீற்றர் விடியற்காலையில் மைனஸ் 18 காட்டுகிற நாளில் அடுத்த மீனை வாங்கலாம், இரண்டு கிலோவுக்குள்.